சோதிப்பவர் விருப்பப்படி

மார்ச் 4, புதன், காலை 10.20
ஓட்டங்கள்: 30. வரம்பைத் தாண்டியவை: 3.

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

மருத்துவமனைகளின் கதிர்வீச்சுப் பிரிவுகளுக்கு வொர்க்ஸ்டேஷன் கணினி தேர்வு செய்வதற்காக எங்கள் சோதனை மையத்துக்கு ஐந்து பெட்டிகள் வந்தன. பெயர்ச்சீட்டுகளைக் கிழித்து, எண் ஒட்டி, என் மேசைக்கு அனுப்பினார்கள். நேற்று உறையைப் பிரித்து எந்த எண் யாருடையது என்று படித்தார்கள். நான்காம் எண் உங்கள் பட்டறையுடையது.

ஐந்து பெட்டிக்கும் ஒரே கணக்குதான் கொடுத்தேன். கட்டியின் மேல் எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நாள், முப்பது ஓட்டம். காலை 8.40க்குத் தொடக்கம். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஒரு ஓட்டத்துக்கு வரம்பு பதினான்கு நிமிடம். ஏன் பதினான்கு என்றால், இந்தக் கணக்கு முடியும்வரை நோயாளி மேசையில் அசையாமல் படுத்திருக்கிறார். அவருக்கு உங்கள் சராசரி வேண்டாம். தன்னுடைய ஓட்டம் எத்தனை நிமிடம் என்பது மட்டும்தான் அவருக்கு முக்கியம்.

உங்கள் பெட்டி 27 ஓட்டங்களைப் பதினொரு நிமிடத்தை ஒட்டி முடித்தது. 7, 16, 25 ஆகிய மூன்றும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டின. ஒன்று தாண்டினாலே போதும். முடிவு: தகுதியில்லை. மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் பெட்டி எந்த மருத்துவமனைக்கும் போக முடியாது.

ஆட்சேபணை இருந்தால் மார்ச் 19 மாலை 5 மணிக்குள் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசி கூடாது. நேரில் வரக்கூடாது. வரும் கடிதம், போகும் கடிதம் இரண்டுக்கும் கோப்பில் நகல் இருக்கும். அம்மாவை விட்டுப் பேசச் சொல்வதும் தொடர்புதான்.

இப்படிக்கு,
சோதனைப் பொறியாளர்
நகல்: கோப்பு


மார்ச் 6, வெள்ளி

மதிப்பிற்குரிய ஸ்டாப்வாட்ச் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தில் கடிதங்களைப் பிரித்து முத்திரை குத்தும் பதிவாளர் அம்மா இதைப் படிக்கும்போது குழம்பக்கூடாது. அதனால் முதலில் அவருக்கு ஒரு விளக்கம். அம்மா, ஸ்டாப்வாட்ச் என்றால் உங்கள் சோதனைப் பொறியாளர்தான். என் கூடப்பிறந்த தம்பி. இரண்டு வருஷம் முன்பு வரை இதே பட்டறையில், இதோ இந்த ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்திருந்தான். டீ எத்தனை நொடியில் ஆறுகிறது என்றுகூட எழுதி வைப்பான். பட்டறையில் வைத்த பேர் அது. இப்போது சம்பளத்துக்கு அதையே செய்கிறான். நன்றி அம்மா, இனி நீங்கள் முத்திரை குத்தலாம்.

டேய் தம்பி, 'உரிமையாளர் அவர்களுக்கு' என்று எழுதும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா? பிறந்த நாளிலிருந்து 'நீ வா போ' என்றவன். சரி, மரியாதை கிடைத்தவரை லாபம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியை அனுப்புவதற்கு முன்னால் இதே கணக்கை இங்கே அறுபது தடவை ஓட்டினோம். நீ முப்பது, நான் அறுபது. ஒரு தடவைகூடப் பன்னிரண்டு நிமிடத்தைத் தொடவில்லை. நம்ம புகை (பதிவாளர் அம்மா, இது ஈயம் வைத்துப் பற்றவைக்கிற எங்கள் சால்டரிங் ஆள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் முகத்துக்கு முன்னால் ஒரு புகை போய்க்கொண்டே இருக்கும்) மூன்று நாள் பெட்டி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: "இங்க ஒழுங்கா இருந்தது அங்க போனதும் எப்படிக் கெட்டுப் போச்சு? சேர்க்கை சரியில்லையா?"

எட்டுப் பேர் இங்கே வேலை செய்கிறோம். இந்த வருஷம் நாங்கள் செய்த பெட்டி எல்லாமே மருத்துவமனை வேலைக்கு ஏற்ற மாதிரி செய்தது. மூன்று ஆண்டு என்று நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். மூன்று ஆண்டு கழித்து இந்த ஷட்டரைத் தூக்க ஆள் இருக்காது. உனக்குத் தெரியாததா?

எனக்கு அழுகை வேண்டாம், பரிதாபம் வேண்டாம். முப்பது ஓட்டத்தின் பதிவுத்தாளை அனுப்பு. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று இருக்க வேண்டும். மனு போட்டவர்களுக்கு அது உரிமை என்று உன் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அக்கா
(நகலும் அக்கா என்றே இருக்கட்டும்)

பி.கு.: அம்மா பேச மாட்டாள். உன் கடிதத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "நான் என்ன லஞ்சமா?" என்றாள்.


மார்ச் 9, திங்கள்

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் 6ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. இந்தப் பிரிவில் மூன்று அறை. மூன்று அறையிலும் அதை எல்லாரும் படித்துவிட்டார்கள். இன்று காலை டீ கொண்டு வந்து வைத்தவர் "எத்தனை நொடியில ஆறுதுன்னு பார்த்துக்குங்க சார்" என்றார். உங்கள் நோக்கம் நிறைவேறியது.

பதிவுத்தாள் இணைத்துள்ளேன். நான்காம் எண்ணுக்கு மட்டும். மற்ற நான்கு பெட்டிகளின் தாளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

உறவைப் பற்றி நீங்கள் கோப்பில் ஏற்றிவிட்டதால் நானும் ஏற்றுகிறேன். நான்காம் எண் யாருடையது என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். உறை பிரித்ததும் இயக்குநரிடம் உறவைச் சொன்னேன். எண் ஒட்டிய பெட்டிக்கு அக்கா தங்கை கிடையாது, சோதனை செல்லும் என்றார்.

பட்டறையில் அறுபது தடவை ஓடியது என்கிறீர்கள். நான் அங்கே ஏழு வருஷம் இருந்தவன். அங்கே 'அறுபது' என்றால் என்ன என்று தெரியும். ஐம்பதுக்கு மேல் போனால் எல்லாம் அறுபதுதான். நான் வேலையை விட்ட நாளை நினைவுபடுத்துகிறேன். ஒரு வரைபட அலுவலகத்துக்குப் போக வேண்டிய பெட்டி. கடைசி ஓட்டம் நாற்பது நொடி கூடுதலாக எடுத்தது. காரணம் தெரியாமல் அனுப்பக்கூடாது என்றேன். வண்டி வாசலில் நிற்கிறது என்றீர்கள். ஏற்றி அனுப்பினீர்கள். எட்டுப் பேர் முன்னால் என்னைப் பார்த்து ஒன்று சொன்னீர்கள். "உனக்கு அளக்கத்தான் தெரியும், செய்யத் தெரியாது."

சரி. அளக்கத்தான் தெரியும். அளந்துவிட்டேன்.

சோதனைப் பொறியாளர்
நகல்: கோப்பு
இணைப்பு: பதிவுத்தாள், ஒரு பக்கம்


மார்ச் 11, புதன்

தம்பி,

அந்தப் பெட்டி இன்னும் அந்த வரைபட அலுவலகத்தில்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஒரு புகாரும் இல்லை. நீ கோபித்துக்கொண்டு போன மறுவாரமே புகை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பது நொடி எங்கே போனது என்றும் கண்டுபிடித்தார். உன்னிடம் சொல்ல ஆள் அனுப்பினேன். நீ கதவைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எட்டுப் பேர் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது வேறு கணக்கு. அதை இதில் சேர்க்காதே.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சுவரில் ஒட்டினேன். எட்டுப் பேரும் நின்று பார்த்தோம். எல்லாரும் நிமிடத்தைப் பார்த்தார்கள். புகை மட்டும் மணியைப் பார்த்தார்.

ஏழாவது ஓட்டம் தொடங்கியது 9.58.
பதினாறாவது 11.59.
இருபத்தைந்தாவது சரியாக 2.00.

"பாப்பா, பத்து, பன்னெண்டு, ரெண்டு. இது பெட்டியோட வியாதி இல்ல. பெட்டிக்கு மணி பார்க்கத் தெரியாது. யாரோ மணி பார்த்து வந்து கழுத்தைப் பிடிக்கிறான்" என்றார்.

மெமரி கெட்டிருந்தால் அது நினைத்த நேரத்தில் கெடும். சூடு ஏறினால் சாயங்காலம் ஏற ஏற மோசமாகும். முறை வைத்து வருகிற காய்ச்சல் மாதிரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறது என்றால், அது உன் கட்டடத்தில் இருக்கிற எதுவோ ஒன்று. அது என்ன என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். டீ ஆறுவதை எழுதி வைத்தவன் நீ. பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று உன் கண்ணில் படவில்லை என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

இரண்டே கேள்வி. நேராகப் பதில் சொல்.

மற்ற நான்கு பெட்டியும் இதே மேசையில், இதே 8.40க்குத்தானே தொடங்கின? பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவற்றுக்கு என்ன ஆனது?

அடுத்தது. சோதனைக்கு முன்னால் மெமரி எத்தனை என்று எண்ண நீ பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டிருப்பாய். எல்லாப் பெட்டிக்கும் விட்டிருப்பாய். மற்ற நான்கில் உன் புறங்கையில் கீறல் விழுந்திருக்கும். நான்காவதில் விழுந்ததா?

அக்கா


மார்ச் 13, வெள்ளி

அக்கா,

இதற்கு நகல் இல்லை. வீட்டிலிருந்து கையால் எழுதுகிறேன். விதிமீறல். தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதல் கேள்வி. அது வைரஸ் ஸ்கேன். எங்கள் நெட்வொர்க் இணைப்பில் சொருகுகிற எந்தப் பெட்டியாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைமைக் கணினியிலிருந்து ஸ்கேன் வந்து துழாவும். நிறுத்தச் சொல்லி மூன்று தடவை எழுதியிருக்கிறேன். நிறுத்தவில்லை. எல்லாப் பெட்டியையும் துழாவியது. எல்லாப் பெட்டியும் அந்த நேரத்தில் வரம்பைத் தாண்டின. அந்த ஓட்டங்களை நீக்கிவிட்டு, நீக்கியதற்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் மறுபடி ஓட்டினேன். நீக்கியவை: முதல் பெட்டிக்கு மூன்று, இரண்டாவதுக்கு நான்கு, மூன்றாவதுக்கு மூன்று, ஐந்தாவதுக்கு மூன்று.

உன்னுடையதுக்குப் பூஜ்யம்.

ஏன் என்று கேட்பாய். விதி 14ஐ அப்படியே எழுதுகிறேன். "வெளித் தொந்தரவால் பாதிக்கப்பட்ட ஓட்டத்தைச் சோதிப்பவர் தம் விருப்பப்படி நீக்கலாம்." விருப்பப்படி. நீக்கலாம். நீக்க வேண்டும் என்று இல்லை. யாரென்றே தெரியாத நான்கு பேருக்கு என் விருப்பத்தைக் காட்டுவேன். காட்டினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சொந்த அக்காவின் பெட்டிக்குக் காட்டினால் அதன் பேர் வேறு. நாளைக்கு யாராவது அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு "மூணு ஓட்டத்தை அடிச்சிட்டான் பாரு, வேண்டியவங்க பெட்டி" என்று சொல்ல ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் உன் பெட்டி என்ன செய்ததோ அதை அப்படியே எழுதினேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. கீறல் விழவில்லை. மூடியைக் கழற்றிக் கையை விட்ட அதே நொடியில் தெரிந்துவிட்டது. வயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டையை வெட்டிவிட்டு, அந்த வாலை நெருப்பில் சுட்டு மழுக்குகிற ஆள் இந்தத் தொழிலில் நீ ஒருத்திதான். அடையாளம் தெரியட்டும் என்றே அனுப்பினாயா? பேர்ச்சீட்டைக் கிழித்தால் என்ன, தம்பி கை வைத்தால் தெரிந்துகொள்வான் என்று கணக்குப் போட்டாயா? அந்த நொடியில் எனக்கு வந்த கோபம் உனக்குப் புரியாது. என்னை விலைக்கு வாங்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

பெட்டி யாருடையது என்று தெரிந்தால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும். அதுவும் விதி. அடுத்த மேசைக்காரர் இருபத்தொன்பதில் நிறுத்திவிட்டு முப்பது என்று எழுதுகிற ரகம். அவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. நானே செய்தேன். சரியாகத்தான் செய்தேன்.

இதற்கு மேல் கேட்காதே.


மார்ச் 15, ஞாயிறு

டேய்,

சரியாகத்தான் செய்தேனா?

ஒன்பது வருஷமாக, இந்தப் பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு டையின் வாலையும் சுடுகிறோம். வரைபட அலுவலகத்துக்குப் போன பெட்டியில், பல் டாக்டருக்குப் போன பெட்டியில், எல்லாவற்றிலும். பட்டறை தொடங்கிய முதல் மாதம் நீ கையை உள்ளே விட்டு, வெட்டிய முனை புறங்கையில் இழுத்து, மதர்போர்டு மேலேயே ரத்தம் சொட்டினாயே, அன்றையிலிருந்து. உள்ளே கை விடுகிறவன் எவனாக இருந்தாலும் கிழியக் கூடாது என்று. ஐந்து பெட்டியில் ஒன்றில் மட்டும் உன் கை கிழியவில்லை. உடனே உனக்கு லஞ்சம் என்று தோன்றியிருக்கிறது. உன் புத்தி போகிற போக்கை எந்த ஸ்கேனில் போட்டுப் பார்ப்பது?

ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் என்ன எழுதினாய்? கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியும் என்றாய். அது கோப்பில் இருக்கிறது. எண்ணில் பொய் வராத ஆளுக்கு வாக்கியத்தில் மட்டும் வருமா?

விருப்பம், விருப்பம் என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். நான் உன்னிடம் விருப்பம் கேட்டேனா? சலுகை கேட்டேனா? மற்ற நான்கு பேர் யாரென்றே உனக்குத் தெரியாது. அந்த நான்கு பேருக்கும் ஒரு நியாயமான ஆள் கிடைத்தான். தொந்தரவு வந்தால் தொந்தரவு என்று எழுதுகிறவன், மறுபடி ஓட்டிப் பார்க்கிறவன். எனக்கு மட்டும் தம்பி கிடைத்தான். எனக்குத் தம்பி வேண்டாம்டா. அந்த அந்நியனைக் கொடுத்திருந்தால் போதும்.

நாளைக்கே யாரோ ஒருவர் உன் தாளைப் பார்த்து 'வேண்டியவங்க' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாய். அந்தப் பயத்துக்கு எட்டுப் பேரை வைத்துச் சோதனை செய்திருக்கிறாய். புகைக்கு வருகிற மாதம் ஐம்பத்தாறு வயசு. சால்டரிங் மட்டுமே பழகிய கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பார்? நேற்று அவரிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. 'ஸ்கேன்தான் காரணம்' என்று மட்டும் சொன்னேன். "பார்த்தியா, தம்பி கண்டுபிடிச்சிட்டான்" என்று சந்தோஷப்பட்டார்.

ஆட்சேபணை எழுதி நாளைக்கு அனுப்புகிறேன். 9.58, 11.59, 2.00. அந்த மூன்று மணி மட்டும்தான் அதில் இருக்கும். நீ பெட்டியை அடையாளம் கண்டாய் என்று ஒரு சொல் இருக்காது. நீ கையால் எழுதிய கடிதத்தை இதோ இந்த உறையிலேயே, உன் வீட்டு முகவரிக்கே, திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. உன் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதே. உன் தலையை வைத்து என் பெட்டி பாஸாக வேண்டாம். பாஸானால் எண்ணில் பாஸாகட்டும். தவிர, உனக்கு வேலை போனால் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

ஆனால் மூன்று மணிகளைப் பார்த்து உன் இயக்குநர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "நீக்குவது சோதிப்பவர் விருப்பம். அவர் விருப்பப்படவில்லை. மனு தள்ளுபடி." அப்படித்தானே? அப்படியே எழுதி வரட்டும். ஷட்டரில் ஒட்டி வைக்கிறேன்.

இனி எழுதாதே.


மார்ச் 19, வியாழன், மாலை 4.10
ஓட்டங்கள்: 150. பெட்டிகள்: 5. நீக்கியவை: 0. வரம்பைத் தாண்டியவை: 0.

அக்கா,

எழுதாதே என்றாய். உன் ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவது மையத்தின் கடமை. ஆகையால் எழுதுகிறேன். இதற்கு நகல் உண்டு.

நீ சொன்னபடியேதான் நடந்தது. செவ்வாய் மதியம் இயக்குநர் உன் ஆட்சேபணையைப் படித்தார். "டைமிங் விநோதமா இருக்கு. ஆனா நீக்குறது உங்க விருப்பம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "தள்ளுபடின்னு எழுதிடுங்க" என்றார். எழுத உட்கார்ந்தேன். 'தள்ளுபடி' என்று எழுத மூன்று நொடி ஆகும். இருபது நிமிடம் ஆகியும் எழுதி முடிக்கவில்லை.

பிறகு நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவாளர் அம்மா மேசையில் வைத்தேன். முழுக்கப் படித்தார். முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை இப்பவே குத்தணுமா, இல்ல, நீங்க சாப்பிட்டுட்டு வந்த பிறகு குத்தட்டுமா?" என்றார். இப்பவே என்றேன். குத்தினார். அதன்கூடவே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "மார்ச் 9 கடிதத்தில் மூன்றாவது பத்தி, இரண்டாவது வாக்கியம் பொய்."

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "தெரியாதவனுக்கு நியாயம், தெரிஞ்சவங்களுக்கு அநியாயம். இதுக்குப் பேர் நேர்மையாய்யா?" என்றார். பயம் எவ்வளவு, உன் மேல் இருந்த கோபம் எவ்வளவு என்று நீயும் கேட்காதே. பாதிப் பாதி என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் தெரியாது. இரண்டு மணி ஓட்டம் வரம்பைத் தாண்டியபோது 'அளக்கத்தான் தெரியுமா? இந்தா' என்று மனசில் ஒன்று வந்தது. அது மட்டும் தெரியும்.

மேசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நேற்று ஐந்து பெட்டிகளையும் ஒரே நேரத்தில், இணைப்பில் சொருகாமல், ஸ்கேன் இல்லாமல், அடுத்த மேசைக்காரர் ஓட்டினார். நான் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். முப்பதும் ஓட்டினார். அவரைப் பற்றி எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன்.

நான்காம் எண்: மிக மெதுவான ஓட்டம் 11 நிமிடம் 14 நொடி. தகுதி உண்டு. மூன்று ஆண்டுத் தடை ரத்து. உத்தரவு இணைத்துள்ளேன். வேகத்தில் உன் பெட்டி இரண்டாவது. முதலாவது இல்லை. முதல் பெட்டி உன்னுடையதைவிடச் சராசரியாக 27 நொடி வேகம். மருத்துவமனைகள் எதை எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் புகையிடம் இப்போதே ஜெயித்துவிட்டோம் என்று சொல்லாதே. ஷட்டரைத் தூக்கலாம் என்று சொல். தம்பி கண்டுபிடித்தான் என்று மட்டும் அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நடந்ததைச் சொல்லிவிடு. நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை நீட்டப் போவதில்லை. அறுபது ஓட்டம் உண்மையிலேயே அறுபதுதான் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது நொடி எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வண்டியில் ஏற்றியது தப்பு. அதில் மாற்றமில்லை.

அடுத்து நான் செய்யப் போகிறவை:

1. நாளை காலை 9 மணிக்கு விசாரணைக் குழு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். வேலை இருந்தால் இருக்கும்.

2. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், விதி 14இல் 'தம் விருப்பப்படி' என்பதை அடித்துவிட்டு 'காரணத்தை எழுதி, எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி' என்று மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பேன். மனுவில் உதாரணம் நான்தான்.

3. இரண்டு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்டது 46 அறிக்கை. ஒவ்வொன்றிலும் நீக்கிய ஓட்டங்களை மறுபடி எண்ணுவேன். உன்னைத் தவிர வேறு யாருக்காவது பூஜ்யம் போட்டிருக்கிறேனா என்று பார்க்க வேண்டும்.

4. 22ஆம் தேதி, ஞாயிறு, அம்மாவைப் பார்க்க வருவேன். உன்னைப் பார்க்க இல்லை. நீ பட்டறையில் இருந்தால் இருந்துகொள். மாடியில் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழே பட்டறைக்கு வந்தால் புகையிடம் பேசுவேன்.

5. நான்காம் எண் பெட்டி திங்கட்கிழமை உனக்குத் திரும்பி வரும். மெமரி எண்ணும்போது கோபத்தில் ஒரு டையை வெட்டிவிட்டேன். அறிக்கையில் அதை எழுதவில்லை. அனுப்புவதற்கு முன் புது டை போட்டு, வாலைச் சுட்டு மழுக்கி வைப்பேன். கை வைத்துப் பார். கிழித்தால் எழுது.

தம்பி
நகல்: கோப்பு